அடுப்படியில் கேட்காத கேள்வி

வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் உட்கார்ந்த இடத்தில் வருமானம் வரும் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் வீட்டு வாசலில் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போய் நின்று பாருங்கள், அவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று. பெரம்பலூரில் இருபத்தெட்டு வருஷம் நான் மற்றவர்களுடைய வீடுகளைப் பார்த்துக்கொண்டேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் லப்பைக்குடிக்காட்டுக்காரர்கள். அவர்கள் வளைகுடாவில் வெயிலில் நின்றார்கள். நான் இங்கே அவர்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தபடி ஏணியில் நின்றேன். உட்கார்ந்தது இப்போதுதான், முழங்கால் தேய்ந்த பிறகு.

நீங்கள் என்னிடம் வந்து, "அக்கா, எந்த ஏரியா ஏறும்? எத்தனை வருஷத்துல போட்ட காசு திரும்பும்?" என்று கேட்கிறீர்கள். கையில் கால்குலேட்டர், நெற்றியில் வியர்வை. பாவமாக இருக்கிறது. எந்த ஏரியா ஏறும் என்று தெரிந்திருந்தால் நான் ஏன் ஏணியில் ஏறியிருக்கப் போகிறேன்?

எனக்குத் தெரிந்தவை சில்லறை விஷயங்கள்தான். மனை பார்க்கச் சித்திரையில் போகாதீர்கள், ஐப்பசியில் போங்கள். ரஞ்சன்குடிப் பக்கம் கோட்டை தெரிகிற மாதிரி ஒரு மனை என்று ஒருவரைக் கோடையில் கூட்டிப்போனேன். கோட்டை தெரிந்தது, அவரும் மயங்கிவிட்டார். அடைமழையில் மறுபடி போனபோது கோட்டை அப்படியே இருந்தது, மனைதான் குளமாகியிருந்தது. கரிசல் மண் என் செருப்பில் ஒன்றை வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை. நல்லவேளை, அவர் அதுவரை முன்பணம் கொடுத்திருக்கவில்லை. இன்னொன்று, பெரம்பலூரில் வாடகை ஒப்பந்தம் எழுதும்போது சின்ன வெங்காயத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்காவிட்டால் உங்கள் ஹாலில் நாற்பது மூட்டை குடியிருக்கும். அதற்கு வாடகை வராது.

இதெல்லாம் போகிற போக்கில் கற்றுக்கொள்ளலாம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு மனிதரைத் தன் சொந்த வீட்டுக்கு வெளியே பெட்டியோடு நிறுத்திவிட்டேன். அதைச் சொல்கிறேன், கால்குலேட்டரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

எளம்பலூர் ரோட்டில் ஜமால் என்பவருடைய வீடு. அவர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் ஏ.சி. மெக்கானிக். அங்கிருந்தபடியே ஃபோனில் சொல்லிச் சொல்லிக் கட்டிய வீடு. ஜன்னல் கம்பிக்கு என்ன வர்ணம் என்பதுகூட ஃபோனில்தான் முடிவானது. கட்டி முடித்துப் பதினைந்து வருஷமாகியும் அவர் அதில் ஒரு ராத்திரி படுத்ததில்லை. கடன் அடைய வேண்டுமே என்று முதல் நாளிலிருந்தே வாடகைக்கு விட்டிருந்தார். லீவில் வந்தால் தெருவில் நின்று பார்ப்பார், "பெயிண்ட் மங்கிருச்சுல்ல" என்பார், போய்விடுவார்.

வீட்டின்மேல் அவருக்கிருந்த பாசம் ஒப்பந்தத்தில் பதினோரு நிபந்தனைகளாக இறங்கியிருந்தது. முதல் நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது. நாலாவது, விருந்தாளிகள் மூன்று நாளைக்கு மேல் தங்கக் கூடாது. ஏழாவது வெங்காயம். அதை மட்டும் நான் எழுதச் சொன்னேன்.

அந்த வீட்டில் ஆறு வருஷமாகக் குடியிருந்தவர் செல்லமுத்து, வெங்காய வியாபாரி. மூட்டைகளுக்குத் தனியாகக் குடோன் வைத்திருந்தார். வாடகை ஒருநாளும் தவறாது. மனைவி அஞ்சலை. ஒரே மகள் ரேவதியை ஜெயங்கொண்டம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

ஒரு பங்குனி மாதம் ஜமால் ஃபோன் செய்தார்.

"அக்கா, போதும்க்கா. முடிச்சுக்கிட்டு வந்துடறேன். ஆனி கடைசில வந்து எறங்குவேன். நேரா என் வூட்டுலதான் எறங்கணும், இன்ஷா அல்லா. பாத்துக்குங்க."

நான் அன்று சாயங்காலமே போனேன். செல்லமுத்து அப்போதுதான் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றே விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்னக்கா," என்றார். "அவரு வூடு, அவரு வராரு. ஆனிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடறோம்."

பைக் போய்விட்டது. எனக்கு ஒரே நிம்மதி. இப்படி ஒரு தங்கமான குடித்தனக்காரர் யாருக்கு அமைவார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். துறைமங்கலத்தில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவருடைய வீடு காலியாக இருந்தது, அதை அவர்களுக்கென்று பேசி வைத்தேன். வைகாசியில் ஒரு தடவையும் ஆனி பிறந்து ஒரு தடவையும் செல்லமுத்துவை ஃபோனில் கேட்டேன். "ஆவட்டும்க்கா" என்றார் இரண்டு தடவையும். நான் ஜமாலுக்குச் சொன்னேன், "வூடு காலி ஆன மாதிரிதான், நீங்க டிக்கெட்டப் போடுங்க" என்று.

'ஆன மாதிரிதான்.' இந்த வார்த்தையை நீங்களும் ஒருநாள் சொல்வீர்கள். சொல்லும்போது என் ஞாபகம் வரட்டும்.

ஆனி இருபதாம் தேதி வாக்கில், சாமான் கட்ட ஆள் வேண்டுமா என்று கேட்கப் போனேன். இந்த முறை கேட் திறந்திருந்தது, உள்ளே போனேன். ஹாலில் ரேவதி உட்கார்ந்திருந்தாள், நிறைமாதத்தை நெருங்கிய வயிறோடு, வீங்கிய காலை நாற்காலியில் நீட்டியபடி. இரண்டு கையிலும் வளைகாப்பு வளையல். வைகாசிக் கடைசியில் அழைத்து வந்திருக்கிறார்கள், தலைப்பிரசவத்துக்கு.

அஞ்சலை அடுப்படியில் இருந்தார். நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு யாராச்சும் வூடு மாறுவாங்களா அக்கா? பத்து நாள்ல ஆடி வேற."

"உங்க வூட்டுக்காரர் பங்குனியிலயே சரின்னாரே."

"அவருகிட்டயா கேட்டீங்க?" அஞ்சலைக்குச் சிரிப்புதான் வந்தது. "அவருக்கு இந்த வூட்டுல சீனி டப்பா எங்க இருக்குன்னு தெரியாது. எங்கிட்ட யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ள நானும் கேட்கவில்லை. செல்லமுத்து பொய் சொல்லவில்லை. எதிரில் நிற்கிறவரிடம் 'முடியாது' என்று சொல்ல வராத மனிதர், அவ்வளவுதான். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். வீட்டிலும் சொல்லவில்லை. நம் ஊர் ஆண்கள் பலருக்கு இந்த வியாதி உண்டு. வாடகைக்கு விடுகிற நாம் அதைத் தெரிந்து நடந்துகொள்ள வேண்டும்.

நமக்குச் சட்டப் புத்தகத்தைவிட தினசரி காலண்டர் முக்கியம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. ஆடியில் குடி மாற மாட்டார்கள், மார்கழியில் மாட்டார்கள், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் எந்த மாதமும் மாட்டார்கள். இது சரியா தவறா என்று அவர்களோடு வாதாடிப் பயனில்லை. ஒரு தாய் தன் மகளின் முதல் பிரசவத்தை வைத்துச் சோதனை செய்து பார்க்க மாட்டாள். நான் அஞ்சலை இடத்தில் இருந்தாலும் மாற மாட்டேன்.

ஐந்தாவது நாள் ஜமால் வந்து இறங்கிவிட்டார். குடும்பத்தோடு லப்பைக்குடிக்காட்டில் தன் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு குடும்பம். அவர் மகள் பெரம்பலூரில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள், தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். ஜமால் தன் மனைவி ஹசீனாவையும் மனைவியின் தம்பியையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் இருந்ததை இருந்தபடி சொன்னேன். தப்பு என்னுடையது, கேட்டில் நின்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஜமால் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"பதினஞ்சு வருஷம்க்கா," என்றார். "அங்க அடுக்குக் கட்டில்ல படுத்துக்கிட்டு தினமும் இந்த வூட்டத்தான் நெனப்பேன். எந்த ரூம்ல யாரு படுக்கறதுன்னு மனசுலயே பிரிச்சு வச்சிருக்கேன்."

மைத்துனருக்கு உடனே யோசனை வந்தது. இந்த மாதிரி நேரத்தில் யோசனை சொல்ல எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

"மச்சான், ஃபியூஸ் கேரியரப் புடுங்கிட்டு மோட்டார் ரூமப் பூட்டிருவோம். ரெண்டு நாள்ல தானா ஓடிருவாங்க."

இப்போது நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த யோசனை உங்களுக்கும் வரும், அல்லது உங்கள் மைத்துனருக்கு வரும். குடியிருப்பவரின் தண்ணீரிலும் கரண்டிலும் கை வைத்த எந்த வீட்டுக்காரரும் அதன்பிறகு அந்தத் தெருவில் நிம்மதியாக நடந்ததை நான் பார்த்ததில்லை. சட்டப்படியும் அது தப்பு. ஆனால் அன்று எனக்குச் சட்டம் ஞாபகம் வரவில்லை. வீங்கிய கால்தான் ஞாபகம் வந்தது.

"அப்படிப் பண்றதா இருந்தா சாவிய வாங்கிக்குங்க," என்றேன். "இன்னையோட எனக்கும் உங்க வூட்டுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஹசீனாவ மட்டும் ஒரு தடவ எங்கூட அனுப்புங்க."

ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. பங்குனியில் போகாமல் விட்ட இடத்துக்கு இப்போதாவது சரியான ஆளைக் கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றியது.

ஆண்கள் இருவரும் தெருவில் நின்றார்கள். நானும் ஹசீனாவும் உள்ளே போனோம். ஹசீனாவும் அந்த வீட்டுக்குள் முழுசாக நுழைந்தது அதுதான் முதல் தடவை. சுவரைத் தொட்டுப் பார்த்தபடியே வந்தாள். ரேவதியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எத்தன மாசம்?"

"எட்டு முடியுதுங்க," என்றாள் ரேவதி. எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரும்மா, உக்காரு."

அஞ்சலை டீ போட்டார். யாரும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. எந்த ஆஸ்பத்திரி, சுகர் இருக்கிறதா, குழந்தை தலை திரும்பிவிட்டதா, இதேதான் பேச்சு. டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு ஹசீனா சொன்னாள்:

"எம்பொண்ணு பொறக்கறப்ப இவரு துபாய்ல இருந்தாரு. எங்க அம்மா வூடு இருந்துச்சோ, நான் பொழச்சேனோ." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க்கா, இவங்களுக்குன்னு பாத்து வச்ச வூடு சும்மாதான கெடக்கு? அதுக்கு நாங்க போறோம். புள்ள பொறந்து, மூணு மாசம் ஆயி, இவங்க சொல்லும்போது மாறிக்கலாம்."

எத்தனையோ வீடு பார்த்துக்கொடுத்த எனக்கு இது தோன்றவேயில்லை. சொந்தக்காரர் வாடகைக்குப் போவார் என்று யார் நினைப்பார்கள்? அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருவில் நின்ற ஜமாலிடம் ஹசீனாவே போய்ச் சொன்னாள். அவர் ஒரு நிமிஷம் வீட்டைப் பார்த்தார், ஒரு நிமிஷம் மனைவியைப் பார்த்தார். "சரி" என்றார். மைத்துனர் மட்டும் என்னை முறைத்துக்கொண்டே போனார்.

துறைமங்கலத்து டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாய் குடும்பமாம்மா?" என்று இழுத்தார்.

"ஆமா டீச்சர். வெங்காய மூட்டை வராது," என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. பிறகு ஜமாலை எதிரில் உட்கார வைத்து நிபந்தனைகளை வாய்விட்டு வாசித்தார். பத்தொன்பது. சுவரில் ஆணி கூடாது. விருந்தாளி இரண்டு நாள். மோட்டார் காலையில் இருபது நிமிஷம். செருப்பு வாசலுக்கு இடதுபுறம். ஜமால் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பத்தாவதைத் தாண்டும்போது நான் முற்றத்துச் செடிகளைப் பார்க்கத் தொடங்கினேன், இல்லாவிட்டால் சிரித்திருப்பேன்.

அதன்பிறகு எனக்கு ஜமாலிடமிருந்து ஃபோன் வந்துகொண்டே இருந்தது. "அக்கா, குளிச்சுக்கிட்டு இருக்கறப்பவே மோட்டார நிறுத்திட்டாங்கக்கா." "அக்கா, எங்க அண்ணன் வந்து மூணாவது நாள், டீச்சர் வாசல்ல நின்னு காலண்டரப் பாக்கறாங்க." துபாயிலிருந்து பத்து வருஷத்துக்கு முன்னால் அனுப்பிய பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்று இருந்தது, அந்த வீட்டுக்கென்று வாங்கியது. பெட்டியைப் பிரித்துவிட்டார், மாட்ட ஆணி இல்லை. ஒரே ஒரு ஆணி என்று கெஞ்சிப் பார்த்தார், டீச்சர் மசியவில்லை. கடிகாரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து மணி சொல்லிக்கொண்டிருந்தது.

"உங்க ஒப்பந்தத்துல மொத நிபந்தனையே அதுதான ஜமால்," என்றேன்.

"அத ஞாபகப்படுத்தாதீங்கக்கா," என்றார்.

ஆவணி பிறந்த மூன்றாம் நாள் ரேவதிக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்த பிறகு அஞ்சலை எனக்குச் சொல்லி அனுப்பினார். தூளி கட்டக் கூரையில் கொக்கி வேண்டும். இருப்பதெல்லாம் ஃபேன் கொக்கிதான். துளை போடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே, வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

நான் கேட்டேன். ஜமால் நாற்காலியில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் டிரில்லிங் மிஷினை எடுத்து வந்தார். ஏ.சி. மெக்கானிக், அவரே போடுகிறாராம்.

எளம்பலூர் ரோட்டு வீட்டுக்குள் ஏணியை வைத்துவிட்டு, "எங்க போடட்டும்?" என்று கேட்டார்.

"இங்க போடுங்கண்ணே," என்று ஹாலில் ஓர் இடத்தைக் காட்டினாள் ரேவதி. "தெக்கு ஜன்னல் காத்து நேரா இங்கதான் வரும். மத்தியானத்துல ஃபேனே வேணாம்."

ஜமால் ஏணியில் பாதி ஏறியவர் அப்படியே நின்றார்.

"அப்படியா," என்றார். என்னைப் பார்த்துத் திரும்பினார். "என் வூட்டுல காத்து எந்தப் பக்கம் வரும்னு எனக்குத் தெரியாதுக்கா."

அவர் துளை போட்டார், கொக்கியை முறுக்கினார், கையால் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். இரண்டு தடவை.

கார்த்திகை பிறந்தது. குழந்தைக்கு மூன்று மாதம். ரேவதியை மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நான் போனேன். செல்லமுத்து கேட்டில் பைக்கோடு நின்றார். "காலி பண்ணிடறோம்க்கா" என்றார். நான் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நேராக அடுப்படிக்குப் போனேன்.

"அஞ்சலை, வூட்டக் காலி பண்ணிக் குடுக்க முடியுமா?"

அவர் இம்முறை கரண்டியைக் கீழே வைத்தார்.

"குடுக்கறோம்க்கா. வர்ற வாரம்."

"வெள்ளிக்கிழமை வரணும்னு ஜமாலுக்கு ஆசை."

"வெள்ளிக்கிழமை நாங்க வூட்ட விட்டு எறங்க மாட்டோம். வியாழக்கிழமை போயிடறோம். அவங்க வெள்ளிக்கிழமை வரட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. வியாழன் காலை ஆறு மணிக்குள் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி வாசலில் நின்றது. செல்லமுத்துவின் சாமான்கள் டீச்சர் வீட்டுக்குப் போயின, ஜமாலின் சாமான்கள் அதே வண்டியில் திரும்பி வந்தன. டீச்சர் வீட்டுக்கு இரண்டு வெங்காய மூட்டையும் போனது எனக்குப் பிறகுதான் தெரியும். அது பற்றி டீச்சர் இன்றைக்கும் என்னிடம் பேசுகிறார், மணிக்கணக்கில்.

கிளம்புவதற்கு முன் அஞ்சலை ஹசீனாவை வீடு முழுக்கக் கூட்டிப்போனார். எந்தக் குழாயைப் பாதிக்கு மேல் திருகக் கூடாது, எந்த ஜன்னலில் சாரல் அடிக்கும், எந்தக் கதவு மழைக்காலத்தில் ஊதிப்போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். செல்லமுத்து கொக்கியைக் கழற்றித் துளையை அடைக்கச் சிமெண்ட் கொஞ்சம் கொண்டுவந்திருந்தார். ஜமால் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "அது இருக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவர் வந்தார். ஹசீனாவும் மகளும் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சாமான்கள் எல்லாம் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. மனதில் பிரித்து வைத்திருந்த ரூம்களைப் பார்க்கப் போவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை. தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார், ஹாலில் கொக்கிக்கு நேர் கீழே வெறுந்தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். நான் தெற்கு ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

கண்ணை மூடியிருந்தார். ஓரத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சாவிக்கொத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் கிளம்பும்போதுதான் பேசினார்.

"அந்தப் பொண்ணு சொன்னது சரிதாங்க்கா. இங்கதான் வருது."